லாரியில் வந்த பாலாறு

ஆம்பூர் வெள்ளிநதி லெதர்ஸ் கம்பெனியில் உள்ளூர்ச் சரக்கு என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நாற்றம். மற்றதெல்லாம் லாரியில் வந்தது. தோல் கான்பூரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வரும். கொஞ்சம் அந்தஸ்தான தோல் பிரேசிலில் கப்பலேறி வரும். உப்பு வேதாரண்யத்திலிருந்து, சாயம் குஜராத்திலிருந்து. முன்பெல்லாம் மலையடியில் கேட்பாரில்லாமல் முளைத்துக் கிடந்த ஆவாரம் பட்டையை உரித்துப் போட்டுத்தான் இங்கே தோல் பதனிட்டார்கள். இப்போது அந்த வேலைக்கு ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு மரத்தின் பட்டைச் சாறு பொடியாகி மூட்டையில் வந்து இறங்குகிறது. ஆவாரஞ்செடி நெடுஞ்சாலை ஓரத்தில் மஞ்சளாகப் பூத்துக்கொண்டு, அந்த மூட்டை லாரிகள் போவதைச் சும்மா வேடிக்கை பார்க்கிறது.

இத்தனையையும் கொண்டுவந்து சேர்ப்பவர் கோதண்டபாணி. கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் மேனேஜர். அவர் செல்போனில் சார்ஜ் தீர்ந்தால் இந்தியாவில் பாதி லாரிகள் ஓரங்கட்டி நின்றுவிடும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான். உலகத்தில் இருக்கும் எதையும் லாரியில் ஏற்றலாம், ஏற்ற முடியவில்லை என்றால் அது உலகத்திலேயே இல்லை என்பது அவருடைய வேதாந்தம். அவர் மனைவி ராஜம்மாள் தெருவில் சொல்லிச் சிரிப்பாள்: "எங்க ஊட்டுக்காரரை சொர்க்கத்துக்கு வான்னு கூப்டாலும், அங்கேர்ந்து ரிட்டர்ன் லோடு கெடைக்குமான்னுதான் கேப்பாரு."

பாலாற்றங்கரையில் வீடு கட்டி, அதற்கு 'பாலாறு வியூ' என்று பளிங்கில் பெயர் பொறித்து வைத்தவர் கோதண்டபாணி. மாடியில் நின்றால் வியூ தெரியும். கருவேலங்காடு, அதற்குள் நாலு எருமை, எருமைக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளம். அந்தப் பள்ளம்தான் ஆறு. எப்போதாவது ஒரு கார்த்திகையில் நினைத்துக்கொண்டு வந்து, தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போகும். மற்ற நாளில் தண்ணீரும் இல்லை, மணலும் இல்லை. மணல் முழுக்க லாரியேறி மெட்ராஸுக்குப் போய்விட்டது. அங்கே அது இப்போது பதினாலு மாடியாக நிற்கிறது, லிஃப்ட்டும் உண்டு.

ஆற்றை நம்பி வந்த கம்பெனிகள் ஆறு போன பிறகும் போகவில்லை. ஆற்றின் வேலையை டேங்கர் லாரி பார்த்துக்கொண்டது. வெள்ளிநதி லெதர்ஸுக்குத் தண்ணீர் கணியம்பாடிப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து வந்தது. வேலூரைத் தாண்டி, சுங்கச்சாவடிக்கு மரியாதை செய்துவிட்டு வந்து சேரும். ஜோலார்பேட்டையிலிருந்து மெட்ராஸுக்கு ரயிலில் தண்ணீர் போனதையே பார்த்த ஊர் இது. இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

ஜெர்மனியிலிருந்த வாங்குபவர்களுக்குத்தான் திடீரென்று ஆச்சரியம் வந்தது.

"இனிமே ஒவ்வொரு சரக்கும் எத்தனை கிலோமீட்டர் பயணம் பண்ணி வருதுன்னு பாப்பாங்களாம் சார்," என்றாள் ஜாஸ்மின். வேலூர்ப் பாகாயத்துப் பெண். வாங்குபவர்கள் போடும் விதிகளைப் படித்துச் சொல்வதற்காகவே கம்பெனி அவளை வேலைக்கு வைத்திருந்தது. "குறைஞ்சது ஒரு மூலப்பொருளாவது லோக்கலா இருக்கணும். இல்லேன்னா ஆர்டர் கட்டு."

"நாம இன்னா சொல்லியிருக்கோம்?"

"தண்ணி லோக்கல்னு சொல்லியிருக்கோம். பாலாத்துத் தண்ணின்னு."

"நல்லதாப் போச்சு."

"அந்தம்மா ஆத்தைப் பார்க்க வர்றாங்க சார். இங்க்ரித்னு பேரு."

"ஆத்துல பாக்கறதுக்கு இன்னாமா இருக்குது?"

"அதான் சார் பேஜாரு."

மேஜைக்கு அந்தப் பக்கம் சின்ன முதலாளி ராஜேஷ் சுழல் நாற்காலியில் அரைவட்டம் அடித்தபடி இருந்தார். லண்டனில் படித்தவர். அங்கே படித்ததில் அவருக்கு நன்றாக மனப்பாடமானது, இந்த ஊரை விட்டுப் போக வேண்டும் என்பது. ஆந்திரக் கடற்கரையில் துறைமுகத்தை ஒட்டி ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார். கப்பலில் தோல் இறங்கும், அங்கேயே செருப்பாகிக் கப்பலேறும். கடல் தண்ணீரையே சுத்தம் செய்து கொடுப்பார்களாம்.

"இந்த ஆர்டர் போச்சுன்னா இங்க மூடிட வேண்டியதுதான் கோதண்டபாணி சார்," என்றார் ராஜேஷ். குரலில் வருத்தம் இருந்தது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. "நீங்களும் அங்க வந்துடலாம். ஸீ வியூ கிடைக்கும்."

அன்றைக்குச் சாயங்காலம் கோதண்டபாணி வீட்டில் இதைச் சொன்னார். ராஜம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்க. நான் வரல."

"தனியா இன்னா பண்ணுவே?"

"இருபது வருஷமா லாரியோடதான குடும்பம் நடத்தறீங்க. நான் தனியாத்தான இருக்கேன். புதுசாவா?" காம்பை வீசி எறிந்தாள். "என் தங்கச்சி ரெண்டு தெரு தள்ளி இருக்கா. இந்தத் தெருவுல பாதிப் பேரு உங்க கம்பெனியிலதான் தையல் மெஷின்ல உக்காந்திருக்காங்க. அவங்கள்லாம் எங்க போவாங்க? ஆந்திராவுல போய் இன்னா மீன் பிடிக்கறதா?"

கோதண்டபாணி மனசுக்குள் கணக்குப் போட்டார். கம்பெனி போனால் மனைவி வர மாட்டாள், மனைவி வராவிட்டால் பாலாறு வியூவின் எருமைகள்கூட அவரை மதிக்காது. ஆக, ஆற்றைக் காட்டியாக வேண்டும். ஆறு இல்லை என்பது ஒரு பெரிய விஷயமா? இல்லாததைக் கொண்டுவந்து இறக்குவதற்குத்தானே அவருக்குச் சம்பளம்?

மறுநாள் டேங்கர் லாரிகளுக்கும் சரக்கு லாரிகளுக்கும் சொந்தக்காரர் ஜியாவுதீனைப் பிடித்தார்.

"பாய், ஒரு லோடு இருக்கு. பாலாறு."

"பாலாத்துக்கு எடுத்துட்டுப் போகணுமா, பாலாத்துலேர்ந்து எடுத்தாரணுமா?"

"பாலாத்தையே எடுத்தாரணும்."

ஜியாவுதீன் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். முழுக்கதையையும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "ஆவாது தோஸ்த். தரை குடிச்சிடும். நம்ம வண்டி அத்தனையும் கவுத்தாலும் ஒரு ஏப்பம்கூட விடாது. தாகம் ஜாஸ்தி அதுக்கு."

"தரையில ஊத்தினாத்தான பாய் குடிக்கும்?"

"பின்ன?"

"லாரிக்கு ஒரு தார்ப்பாய் இருக்கு இல்ல?"

கன்னத்தில் வெற்றிலை நின்றுவிட்டது. ஜியாவுதீன், "நீ மட்டும் அரசியலுக்குப் போயிருந்தே…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

வேலூர் ஜில்லாவிலும் திருப்பத்தூர் ஜில்லாவிலும் அந்த வாரம் எந்த லாரியிலும் தார்ப்பாய் இல்லை. நெல் மூட்டை, சிமென்ட் மூட்டை எல்லாம் மானம் மறைக்கத் துணியில்லாமல் போயின. பாலத்துக்கு அடியில் பள்ளத்தைச் சமன் செய்து, நீலத் தார்ப்பாய்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, ஒட்டித் தைத்தார்கள். தைத்தது தோல் தைக்கும் ஊசி, ஆகவே தையலில் குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் கரை கட்ட மணல் வேண்டியிருந்தது. ஆற்றில் மணல் ஏது? நாட்றம்பள்ளிப் பக்கத்து கிரஷரில் கல்லை உடைத்து அரைத்த எம்-சாண்ட் வரவழைத்தார்கள். ஆக, ஆற்றுக்கு வேண்டிய மணல் ஆற்றுக்கே லாரியில் வந்து சேர்ந்தது. அந்த ஆற்றில் அன்றைக்குச் சொந்தமாக இருந்தது பள்ளம் மட்டும்தான்.

விஷயம் மூன்று பேருக்குள் இருக்க வேண்டும் என்று கோதண்டபாணி ஜியாவுதீனிடமும் ஜாஸ்மினிடமும் சத்தியம் வாங்கினார். பாலம் பழுது பார்க்கிற வேலை என்று ஆட்களிடம் சொன்னார். ராஜம்மாளிடம் அதுகூடச் சொல்லவில்லை. திட்டம் இதுதான்: காலையில் இங்க்ரித் அம்மாள் மெட்ராஸிலிருந்து காரில் வருவார், பாலத்தின் மேல் நிற்பார், கீழே பார்ப்பார், ஒரு போட்டோ எடுப்பார், கம்பெனிக்கு டீ குடிக்கப் போய்விடுவார். மேலிருந்து பார்க்க ஆறு இருந்தால் போதும். கீழே இறங்கிப் பார்க்கிற ஆளா அவர்?

அந்தக் காலை டேங்கர்கள் கல்யாண ஊர்வலம் போல வரிசையாக வந்து கவிழ்ந்தன. தண்ணீர் தார்ப்பாயின் மடிப்புகளில் தயங்கி, பிறகு ஒன்று சேர்ந்து, வெயிலில் மினுக்கிக்கொண்டு நகர்ந்தது. கீழ்க்கோடியில் ஒரு மோட்டார் அதை உறிஞ்சி மேல்கோடிக்கே திருப்பி அனுப்பியது. கங்கைக்குக்கூட அந்த வசதி கிடையாது. எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து இறங்கி ஒற்றைக்காலில் நின்றது. கொக்கே நம்பிவிட்டதே என்று கோதண்டபாணிக்குப் பெருமை தாங்கவில்லை. பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தான் பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல ஆற்றைப் பார்த்தார்.

கொக்கு வந்ததை அவர் கணக்கில் வைக்கவில்லை, சரி. ஊர் வரும் என்பதையும் அவர் கணக்கில் வைக்கவில்லை. எருமை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவன் பார்த்தான். பார்த்தவன் செல்போனை எடுத்தான். 'பாலாறு வந்துடுச்சு' என்ற செய்தி பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் கொப்பளிப்பதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பள்ளிக்கூட வேன், பால் வண்டி, பிரியாணிக்குக் கறி எடுக்கப் போனவர்கள் எல்லாம் பாலத்துக்குத் திரும்பினார்கள். வார்டு மெம்பர், 'எங்கள் கோரிக்கையை ஏற்று வந்த பாலாறே வருக' என்று ஃப்ளெக்ஸ் கட்டினார். அவ்வளவு சீக்கிரம் எப்படி அச்சடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. வருஷா வருஷம் தயாராக வைத்திருப்பார் போல.

"எல்லாம் வீட்டுக்குப் போங்கப்பா, சும்மா கொஞ்சம் தண்ணி," என்று கோதண்டபாணி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"சும்மா தண்ணியா?" என்றார் மளிகைக்கடை கன்னியப்பன். "யோவ், நீ லாரித் தண்ணியிலயே குளிச்சிப் பழகிட்டே. உனக்கு ஆறு தெரியுமா?"

அப்போதுதான் தெருவின் பெண்கள் வந்தார்கள். முன்னால் ராஜம்மாள். பட்டுப்புடவை. கையில் ஆரத்தித் தட்டு.

"இன்னாங்க, ஆறு வந்திருக்கு. ஊட்டுல ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"நீ ஏன் வந்தே? போ, போ."

"எத்தினியோ வருஷம் கழிச்சி வர்றா. வாசல்ல சும்மா நிக்க வெப்பாங்களா? ஆரத்தி எடுத்துத்தான் உள்ள வுடணும்."

"ஆரத்திலாம் வேணாம் ராஜம்மா. சொன்னா கேளு."

"உங்களுக்கு எடுக்கல. தள்ளுங்க."

அந்தப் பக்கத்தில் புதுப்பெண் வந்தாலும், பிள்ளை பெற்றவள் வந்தாலும், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரைச் சுற்றித்தான் உள்ளே விடுவார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ரத்தச் சிவப்பாகும். சுற்றிய தண்ணீரை வந்தவர்களின் காலடியில் வாசலில் ஊற்றுவார்கள். ஆறு வந்தால் ஆற்றில்தானே ஊற்றியாக வேண்டும்? ராஜம்மாள் ஊற்றினாள். அவள் தங்கை ஊற்றினாள். பிறகு தெரு ஊற்றியது, பேட்டை ஊற்றியது. தட்டில் கொண்டுவந்தது போதாது என்று அண்டாவில் கரைத்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு. சாதாரண ஆறாக இருந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கும். இதுதான் மோட்டாரில் சுற்றிச் சுற்றி வருகிற ஆறாயிற்றே. சிவப்பு எங்கேயும் போகவில்லை. சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் சிவந்து வந்தது.

இங்க்ரித் அம்மாளின் கார் பாலத்தில் வந்து நின்றபோது, தோல் தொழிற்சாலைப் புகைபோக்கிக்குச் சற்றே கீழே, ஒரு நதி செக்கச் செவேலென்று ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாள் நல்ல உயரம். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பாலத்தின் மேல் நின்று பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்துக்கொண்டு, படிக்கட்டில் விறுவிறுவென்று கீழே இறங்கினார். பின்னால் ஜாஸ்மின். அவளுக்குப் பின்னால் ராஜேஷ். கடைசியாகக் கோதண்டபாணி, வெட்டுக்குப் போகிற ஆட்டைப் போல.

"இந்தச் சிவப்பு என்னன்னு கேக்கறாங்க சார்," என்றாள் ஜாஸ்மின்.

கம்பெனிச் சாயம் இல்லை என்று சத்தியம் செய்யலாம். யார் நம்புவார்கள்?

"ஆரத்தின்னு சொல்லும்மா."

ஜாஸ்மின் சொன்னாள். அம்மாள் ஏதோ கேட்டார்.

"அப்படின்னா என்னன்னு கேக்கறாங்க."

"புதுசா வர்றவங்களுக்கு எடுக்கறது."

அம்மாள் பாட்டிலை மூடியபடியே அடுத்த கேள்வியைக் கேட்டார். ஜாஸ்மின் கோதண்டபாணி பக்கம் திரும்பினாள். "ஆறு புதுசான்னு கேக்கறாங்க சார். எப்பவும் இங்கதான இருக்குன்னு சொன்னீங்களேன்னு."

கோதண்டபாணி ராஜேஷைத் திரும்பிப் பார்த்தார். ராஜேஷ் காதருகே குனிந்தார். "பர்த்டேன்னு சொல்லச் சொல்லுங்க. ஆத்துக்கு இன்னிக்குப் பொறந்தநாள். வருஷா வருஷம் கொண்டாடறோம்."

"பொறந்தநாளைக்கு இத்தனை பேரு ஏன் அழறாங்கன்னு கேட்டா நான் என்ன சார் சொல்றது?" என்றாள் ஜாஸ்மின்.

உண்மைதான். கரையில் நின்ற பெண்களில் பல பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன்கூட வேறு பக்கம் திரும்பி நின்றார்.

அழுகை கொஞ்ச நேரம்தான். தெருக்குழாயில் எப்போதாவது தண்ணீர் எட்டிப் பார்க்கிற ஊர். அங்கே கண்ணெதிரில் தண்ணீரைப் பார்த்தவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்களா? யாரோ ஒருத்தி குடத்தை முக்கினாள். சிவப்பாக இருந்தால் என்ன, துணி துவைக்க ஆகாவிட்டால் மாடு கழுவ ஆகும். அடுத்த நிமிஷம் குடம், பக்கெட், பெயின்ட் டப்பா, கல்யாண மண்டபத்து டிரம் எல்லாம் ஆற்றில் இறங்கின. வார்டு மெம்பர் மகன் மினி வேனில் சின்டெக்ஸ் தொட்டியே கொண்டுவந்து இறக்கினான். மோட்டார் காற்றை உறிஞ்சிக் கனைத்துவிட்டு அடங்கியது. ஆறு முழங்காலளவிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. கணுக்காலிலிருந்து நகத்துக்கு இறங்கியது. கொக்கு சுற்றுமுற்றும் பார்த்தது, இன்னொரு காலையும் ஊன்றிப் பார்த்தது, பறந்துவிட்டது.

ஆற்றுப்படுகை நீலமாக வெளியே வந்தது. நடுவில் வெள்ளை எழுத்தில் கொட்டை கொட்டையாக: ஜியாவுதீன் ரோட்வேஸ், ஆல் இந்தியா பர்மிட். கீழே செல் நம்பர்.

ராஜம்மாள் காலியான தட்டைக் கையில் பிடித்தபடி அதைப் படித்தாள். நிதானமாகப் படித்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஆத்துக்கடியில பாய் பேரு போட்டிருக்கு?"

இங்க்ரித் அம்மாளும் படித்திருக்க வேண்டும். ஜாஸ்மின் பக்கம் திரும்பாமல், நேராகக் கோதண்டபாணியிடமே, மெதுவான ஆங்கிலத்தில், இந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

பொய் சொல்லக் கோதண்டபாணி தயாராகத்தான் இருந்தார். ஆனால் கேள்வியைப் பாருங்கள். எங்கிருந்து வந்தது. அவர் வாழ்நாளில் அந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னதே கிடையாது. நெஞ்சு தானாக நிமிர்ந்துவிட்டது.

"கணியம்பாடி. அறுபத்தஞ்சு கிலோமீட்டர் மேடம். வழியில ஒரு சொட்டு சிந்தல."

ராஜேஷ் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாள் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. சிரிப்பா, ஏப்பமா என்று சொல்ல முடியாது. கார் பக்கம் நடந்தார்.

கம்பெனி வாசலில் அந்த நேரம் ஷிஃப்ட் மாறிக்கொண்டிருந்தது. கம்பெனி பஸ்களிலிருந்து பெண்கள் இறங்கி, டிபன் டப்பாவும் துப்பட்டாவுமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டார் இங்க்ரித் அம்மாள். இங்கேதான், சுற்றுவட்டாரத்து ஊர்கள் என்றாள் ஜாஸ்மின். அம்மாள் வெகுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீயைக் குடித்தார், போய்விட்டார்.

ஜெர்மனியிலிருந்து முடிவு வருகிற வரை பாலாறு வியூவில் பேச்சுவார்த்தை இல்லை. சோறு வரும், குழம்பு வரும், சொல் வராது. ஒரே ஒரு தடவை, கோதண்டபாணி குளிக்கப் போகும்போது, "பாத்து. அது எந்த ஊரு தண்ணியோ," என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

முடிவு வந்தபோது ஜாஸ்மின் ஓடி வந்து சொன்னாள். ஆறு பற்றி அம்மாள் தன் அறிக்கையில் ஒரு பக்கம் திட்டியிருந்தார். பாட்டிலில் எடுத்த தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் தவிர ஒன்றுமில்லை, அவர் பரிசோதித்த ஆறுகளிலேயே இதுதான் சுத்தமானது, ஆனால் இது ஆறு அல்ல என்று சொல்லியிருந்தார். கடைசியில்தான் விஷயம். உள்ளூர் மூலப்பொருள் ஒன்று இருக்கிறது, அது ஆட்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆர்டர் உண்டு.

கோதண்டபாணி ஒரு டப்பா ஆற்காட்டு மக்கன்பேடா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார். ராஜம்மாள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "நாங்கதான் சரக்காமா?" என்றாள். ஆனாலும் இரண்டாவதையும் எடுத்தாள். சமாதானம் ஆகிவிட்டது மாதிரிதான்.

மறுநாள் ராஜேஷ் கூப்பிட்டார். சுழல் நாற்காலி இந்த முறை முழு வட்டமே அடித்தது.

"கண்ணைத் திறந்துட்டீங்க கோதண்டபாணி சார். ஒரு ஆத்தையே லாரியில கொண்டு வந்தீங்க. நான் அன்னிலேர்ந்து யோசிக்கறேன். நமக்கு லோக்கலா இருக்கறது ஆளுங்கதானாம். ஆளுங்களும் சரக்குதான். சரக்குன்னா ஏத்தலாம் இல்ல?"

"சார்?"

"ஃபேக்டரி துறைமுகத்துக்குப் போகுது. ஆளுங்க திங்கக்கிழமை இங்க பஸ் ஏறுவாங்க. அங்க ஷெட் போட்டுத் தங்க வெச்சுடலாம். சனிக்கிழமை திருப்பி இறக்கி விட்டுடலாம்."

"அப்ப அது லோக்கல் இல்லையே சார். கிலோமீட்டர் கேப்பாங்களே."

"தோலுக்குத்தான் கிலோமீட்டர் பாப்பாங்க. ஆளுக்குப் பாக்கறதில்ல. படிச்சுப் பாத்துட்டேன்." ராஜேஷ் அன்பாகச் சிரித்தார். "தவிர, தார்ப்பாயில ஊத்தினதும் கணியம்பாடித் தண்ணி லோக்கல் ஆச்சு இல்ல? பஸ்ஸுல இருந்து இறங்கினதும் இவங்களும் லோக்கல்தான்."

கோதண்டபாணி வாயைத் திறந்தார். முடியாது, இது அநியாயம், ராஜம்மாள் வர மாட்டாள், தெருவே வராது, இவர்கள் உப்பு மூட்டை இல்லை என்று சொல்வதற்குத்தான் திறந்தார். உள்ளேயிருந்து அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"ஸ்லீப்பர் பஸ்ஸா சார், சீட்டரா? சனிக்கிழமை ரிட்டர்ன்ல காலியா வராதே, அது வரைக்கும் நல்லதுதான்."

சாயங்காலம் வீட்டில் சொன்னார். ராஜம்மாள் பேடா டப்பாவை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

"உங்களையும் ஏத்தறாங்களா?"

"மேனேஜர் சீட்டு முன்னாடி."

"நான் வரலன்னு சொன்னேன் இல்ல. அதுல மாத்தமில்ல." எழுந்து போய், ஆரத்தித் தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். கைக்கு எட்டும் அடுக்கில்தான் வைத்தாள். "சனிக்கிழமை எத்தினி மணிக்கு இறக்குவாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. மஞ்சா கரைச்சி வெக்கணும்."

கோதண்டபாணி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். எருமைகள் பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தன. ஜியாவுதீன் எண்ணை அழுத்தினார்.

"பாய், ஒரு லோடு இருக்கு. ஆம்பூரு."